பலகைக்கு அடியில் மணல்

ஸ்ரீ:

கும்மிடிப்பூண்டி
10-7-55

அக்காவுக்கும் அத்திம்பேருக்கும் மரகதத்தின் நமஸ்காரம்.

நீங்கள் நல்லபடியாகத் திருவள்ளூர் போய்ச் சேர்ந்ததாக அத்திம்பேர் போட்ட கார்டு வந்தது. கார்டில் இரண்டு வரிக்கு மேல் எழுதக் கூடாது என்று அவருக்கு யார் சொன்னார்களோ. கோயில் கைங்கரியத்துக்கு நடுவில் அவருக்கு அவ்வளவுதான் முடியும் என்றால், நீயாவது நாலு பக்கம் எழுதியிருக்கலாம்.

நீ கிளம்பிப் போன பிறகுதான் பார்த்தேன். ராகவனுடைய சட்டைகளைத் துவைத்து மடித்து அலமாரியின் மேல் தட்டில் வைத்திருக்கிறாய். நான் அதைத் தொடவில்லை. குழந்தை போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. இன்னமும் காலையில் பால் காய்ச்சும்போது அவனுக்கும் சேர்த்துத்தான் காய்ச்சுகிறேன். அப்புறம் கனகத்தைக் குடி குடி என்று படுத்துகிறேன். அவளும் பாவம், ஆறு வயசுக்கு மீறின பொறுமையோடு குடித்து வைக்கிறாள்.

ஒரு விஷயம். ராகவன் படுத்திருந்த அறையின் தரையை இவர் பெயர்க்கப் போகிறார். நீதான் பார்த்தாயே, இந்த வெள்ளைக்காரன் பங்களாவில் தரை முழுக்கப் பலகை. மேலே தேக்கு. அதற்கு அடியில் குறுக்காக அடித்த இன்னொரு அடுக்குப் பழம் பலகை. அதற்கும் கீழே சட்டங்கள், அப்புறம் பூனை நுழைகிற அளவுக்கு இருட்டு. டாக்டர் கடைசியாக வந்துவிட்டுப் போகும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, "பழைய மரத்தரை சார், அடியில் ஈரம் கட்டியிருந்தால் கெட்ட காற்று வரும். சின்னக் குழந்தைக்கு அது ஆகாது" என்று சொன்னார். அவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இவர் மனசில் அது தங்கிவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அந்த அறையில் போய்க் குனிந்து உட்கார்ந்துகொள்கிறார். வாசனை வருகிறதாம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

தச்சர் அருணாச்சலம் நாளை வருகிறார். மரத்தையெல்லாம் எடுத்துவிட்டு, கல்லும் மண்ணும் கொட்டி, சிமெண்டுத் தரை போடுவதாக ஏற்பாடு. கனகத்துக்காகவாவது செய்ய வேண்டும் என்கிறார். எனக்கும் சரியென்றுதான் படுகிறது.

உன் தங்கை
மரகதம்


திருவள்ளூர்
19-7-55

சௌபாக்கியவதி மரகதத்துக்கும் மாப்பிள்ளைக்கும் குழந்தை கனகத்துக்கும் அரவிந்தவல்லி அநேக ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. தரையை எடுப்பது நல்ல காரியம். மாப்பிள்ளை கைக்கும் ஒரு வேலை ஆச்சு. நீயாவது என்னிடம் அழுதாய். அவர் பிளாக்போர்டில் கணக்குப் போட்டுவிட்டு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அமாவாசையன்று குளத்தில் உங்கள் எல்லோருக்குமாக வெல்லம் கரைத்துவிட்டு, வீரராகவனைச் சேவித்துவிட்டு வந்தேன். சிமெண்டு இப்போது சுலபத்தில் கிடைக்காதாமே. இங்கே தெரிந்த ஒருவரிடம் உன் அத்திம்பேர் சொல்லி வைத்திருக்கிறார். எத்தனை மூட்டை வேண்டும் என்று மாப்பிள்ளையைக் கேட்டு எழுது.

மரத்தைப் பெயர்க்கும்போது தேளும் பூரானும் வரும். கனகத்தைக் கூடத்தில் போட்டுக்கொண்டு தூங்கு. அவளுக்கு முறுக்கு சுற்றி வைத்திருக்கிறேன். யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு
அக்கா


கும்மிடிப்பூண்டி
14-8-55

அக்காவுக்கு நமஸ்காரம்.

பதில் தாமதமாகிவிட்டது என்று கோபிக்காதே. வீடு முழுக்கத் தூசி. எழுத உட்கார இடமில்லை.

ராகவன் அறை முடிந்தது. தேக்குப் பலகை சுலபமாக வந்துவிட்டது. அடி அடுக்குதான் லேசில் வரவில்லை. ஒவ்வோர் ஆணியும் கிறீச்சென்று கத்திக்கொண்டு வெளியே வரும். கனகம் காதைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடிவிடுவாள். எல்லாம் எடுத்த பிறகு கீழே பார்த்தால் வெறும் மணல். அப்பளம் காயப் போடலாம், அவ்வளவு உலர்ந்த மணல். துருப்பிடித்த கரண்டி ஒன்று, உடைந்த சோடா பாட்டில், ஓர் எலிக் கூடு. வேறே ஒன்றுமில்லை. எனக்கு மனசு லேசாகிவிட்டது. நம் குழந்தை இந்தத் தரையால் போகவில்லை என்று தெரிந்ததே போதும் என்று நினைத்தேன்.

இவர் இறங்கி, முழங்கால் போட்டு, மணலைக் கையில் அள்ளி முகர்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இங்கே இல்லை மரகதம், கூடத்துப் பக்கமிருந்து வருகிறது" என்றார்.

கூடத்தையும் பெயர்க்க ஆரம்பித்தோம். அருணாச்சலம் ஒரு நாள் செய்துவிட்டு, கட்டை வைரம் மாதிரி இருக்கிறது, இதை எடுப்பானேன் என்று கேட்டார். இவர் அவரை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இப்போது பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தானே கடப்பாரையை எடுத்துக்கொள்கிறார். சாக்பீஸ் பிடித்த கை. கொப்புளம் கொப்புளமாக இருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவிவிடுகிறேன்.

கூடத்தில் இப்போது சட்டங்கள் மட்டும்தான் மிச்சம். கனகம் அதன் மேல் தண்டவாளக் கட்டை தாண்டுகிற மாதிரி தாண்டித் தாண்டிப் போகிறாள். ஒரு தரம் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். பெரிசாக ஒன்றுமில்லை.

சிமெண்டு இப்போதைக்கு வேண்டாம் என்று அத்திம்பேரிடம் சொல்லச் சொன்னார்.

மரகதம்


திருவள்ளூர்
22-8-55

மரகதத்துக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மணல் உலர்ந்திருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். ஈரம் இல்லையென்றால் மாப்பிள்ளை எதைத் தேடுகிறார்? சிமெண்டு ஏன் வேண்டாம்?

வேறு நியூஸ் எழுத மனசில்லை. இதற்கு மட்டும் உடனே பதில் போடு.

அக்கா


கும்மிடிப்பூண்டி
25-9-55

அக்காவுக்கு நமஸ்காரம்.

நீ இன்னும் இரண்டு கடிதம் போட்டுவிட்டாய். நான்தான் எழுதவில்லை. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இவரைப் பற்றி வேறு மாதிரி நினைத்துவிடாதே. என்னை ஒரு சொல் கடிந்து பேசுவதில்லை. முன்னைவிடப் பிரியமாக இருக்கிறார். கிணற்றில் தண்ணீர் சேந்தித் தருகிறார், பாத்திரம்கூடத் தேய்க்கிறார். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் லீவு போட்டிருக்கிறார்.

அடுப்பு இருக்கிற தளிகையறை தவிர எல்லா அறையும் ஆகிவிட்டது. சட்டங்களையும் அறுத்து எடுத்துவிட்டார். நாங்கள் இப்போது மணலில்தான் நடக்கிறோம், மணலில்தான் படுக்கிறோம். மணலுக்கு அடியில் இருக்குமோ என்று தோண்டுகிறார். கூடத்தில் அவர் இடுப்பளவுக்குப் பள்ளம். சுவரோரமாகவும் தோண்டியிருக்கிறார். அங்கே ஒரு விரிசல் கண்டிருக்கிறது. விரலை வைத்துப் பார்த்தேன், நுழைந்தது.

வேலைக்காரி கெங்கம்மாள் நின்றுவிட்டாள். போகும்போது, "ஊட்டுக்குக் கீழ இப்படி நோண்டிக்கினே போனா செவுரு எதைப் புடிச்சினு நிக்கும்மா? எனக்கு வாணாம் இந்த பேஜாரு. நீயும் கொயந்தைய இட்டுக்கினு போயிடு" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. போ என்று சொல்லிவிட்டேன். அப்புறம் கொல்லையில் நின்று அழுதேன்.

அக்கா, உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவேன். தினம் காலையில் எழுந்ததும் இவர் கனகத்தைக் குப்புறப் படுக்க வைத்து மணலில் மூக்கை வைக்கச் சொல்கிறார். வாசனை வருகிறதா பார் என்று கேட்கிறார். முதலில் அவள் இல்லை என்றுதான் சொன்னாள். இவர் முகம் வாடிவிடும். ஒரு நாள் வருகிறது அப்பா என்று சொன்னாள். இவர் அவளைத் தூக்கி முத்தம் கொடுத்தார். ராகவன் போனதிலிருந்து இவர் அவளைத் தூக்கினது அன்றைக்குத்தான். இப்போது தினமும் வருகிறது என்கிறாள். எங்கே என்று கேட்டால் ஏதாவது ஓர் இடத்தைக் கையைக் காட்டுகிறாள். அந்த இடத்தைத் தோண்டுகிறார்.

இதை அத்திம்பேரிடம் சொல்ல வேண்டாம்.

மரகதம்


திருவள்ளூர்
3-10-55

மரகதத்துக்கு ஆசீர்வாதம்.

சொல்லிவிட்டேன். சொல்லாமல் எப்படி இருப்பேன்? அவர் திருவாராதனம் முடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் உன் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தார். "குழந்தையை முதலில் அழைத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்" என்றார்.

மாளய அமாவாசைக்கு மறுநாள் அங்கே வருவார். திருவள்ளூரில் பெரியம்மா கொலு வைக்கிறாள், கனகம் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று மாப்பிள்ளையிடம் சொல்லு. வேறு எதுவும் சொல்லாதே. அவளுக்கு இரண்டு பாவாடை எடுத்து வை, போதும். நீயும் அதே வண்டியில் கிளம்பினால் நான் பெருமாளுக்குச் சர்க்கரைப் பொங்கல் சமர்ப்பிக்கிறேன். இரண்டு பெண்ணாகப் பிறந்தோம். எனக்கு நீயும், உன் வயிற்றில் பிறந்ததும்தான். மறந்துவிடாதே.

அக்கா


கும்மிடிப்பூண்டி
19-10-55

அக்காவுக்கு நமஸ்காரம்.

கனகம் நல்லபடியாக வந்து சேர்ந்திருப்பாள். நான் ஏன் கூட வரவில்லை என்று உனக்கு வருத்தமாக இருக்கும்.

அத்திம்பேர் வந்தபோது இவர் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டார். உட்காரத் தடுக்குப் போட்டார், கால் அலம்பத் தண்ணீர் கொடுத்தார். அத்திம்பேர் பள்ளத்தையெல்லாம் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். கொலு என்றதும் இவர் யோசித்தார். குழந்தை இல்லாவிட்டால் வேலை தடைப்படுமே என்றார். நான்தான், போய்விட்டு வரட்டும், வந்தால் மூக்கு இன்னும் துல்லியமாக இருக்கும் என்று சொன்னேன். அப்படிச் சொல்ல எனக்கு எங்கிருந்து வாய் வந்தது என்று தெரியவில்லை. உடனே சரி என்றுவிட்டார்.

அத்திம்பேரிடம் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். அமாவாசையன்று காலையில் நான் கிணற்றடியில் இருந்தேன். தளிகையறைப் பலகையைப் பெயர்க்க முந்தின நாள்தான் ஆரம்பித்திருந்தார். அடுப்பு மேடைக்குக் கீழே ஒரு சந்து. பெரியவர்கள் உடம்பு நுழையாது. கனகத்தைத் தலைப்பக்கமாக உள்ளே அனுப்பியிருக்கிறார். மேடைக்கு அடியிலிருந்த மணல் சரிந்துவிட்டது. நான் ஓடி வந்து பார்த்தபோது இரண்டு கால்தான் வெளியே தெரிந்தது. இவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் உள்ளே போம்மா" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மணல் சரிந்தது அவர் கண்ணில் படவேயில்லை. நான் காலைப் பிடித்து இழுத்தேன். வாயெல்லாம் மணல். அவள் அழவில்லை. மூச்சு வந்ததும் என் காதோடு, "வாசனை வரதுன்னு சொல்லட்டுமா அம்மா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் தீர்மானித்தேன். அக்கா, நன்றாகக் கேட்டுக்கொள். இவளை இங்கே அனுப்பாதே. இவர் வந்து கேட்டாலும் அனுப்பாதே. நானே எழுதிக் கேட்டாலும் அனுப்பாதே.

ஏன் இப்படி எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். அவர்கள் வண்டியேறிப் போன பிறகு நான் ராகவன் அறையில் மணலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். எனக்கும் வந்தது.

இவர் சொன்னது தப்பு. அது கெட்ட வாசனை இல்லை. எண்ணெய் தேய்த்துத் தண்ணீர் ஊற்றி, தலைக்குச் சாம்பிராணி காட்டி, வசம்பைச் சுட்டுத் தொட்டு வைப்போமே, அது. அதோடு பால் காய்ந்த வாய் வாசனை. அவனை அன்றைக்குச் சவுக்குத் தோப்புக்கு அப்பால் மணலில் வைத்துவிட்டு வந்தார்களே, என்னை வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்களே. நான் அந்த இடத்தைப் பார்க்கக்கூட இல்லை. இத்தனை நாளாக இவர் எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்துவிட்டது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

நான் இங்கே இருந்தாக வேண்டும். கனகத்துக்கு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிடு. சாம்பிராணி மட்டும் போடாதே.

மரகதம்


திருவள்ளூர்
30-10-55

என் கண்ணே மரகதம், ஆசீர்வாதம்.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தாயார் சன்னிதியில் உட்கார்ந்திருந்தேன். அந்த வாசனை எனக்கும் வந்ததடி. நீங்கள் இருவரும் ஸ்டேஷனில் நின்று என்னை வழியனுப்பினபோது என் புடவையில் அது இருந்தது. அவனைத் தூக்கி வைத்திருந்த புடவை. இங்கே வந்து துவைக்க மனசில்லாமல் வைத்திருந்தேன். அது போகப் போகப் போய்விட்டது. போய்விடும், மரகதம். மண்ணுக்குள் இல்லை அது. உன் மனசு தேடுகிறது, மூக்கு கொண்டுவந்து கொடுக்கிறது. அவ்வளவுதான். நீ பெற்றவள், உனக்கு நான் சொல்லக் கூடாது. ஆனால் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?

கனகம் வந்த புதிதில் விடிந்ததும் எல்லா அறையிலும் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டாள். எங்கள் ஆத்துத் தரை கருங்கல். நெற்றி சில்லிட்டுப் போய் எழுந்து வந்து என் முகத்தைப் பார்ப்பாள், நான் என்ன பதில் எதிர்பார்க்கிறேன் என்று. நான் அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, இந்த ஆத்தில் யாரும் ஒன்றும் முகர வேண்டாம் என்று சொன்னேன். நாலைந்து நாள் கழித்துத்தான் விட்டாள்.

மழை பிடித்துக்கொண்டுவிட்டது. அந்தச் சுவர் நிற்காது. தீபாவளிக்கு நீ இங்கே இருக்க வேண்டும். மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு வா. பட்டணத்தில் நல்ல டாக்டரிடம் காட்டலாம். அத்திம்பேர் கூட வருவார். ஒரு வரி எழுது, வந்து அழைத்துப்போகிறோம்.

அக்கா


கும்மிடிப்பூண்டி
20-11-55

அக்காவுக்கு நமஸ்காரம்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். தீபாவளிக்கு வர முடியவில்லை. வேலை நன்றாக நடக்கிறது. தளிகையறையும் எடுத்தாகிவிட்டது. கொல்லையில் கல்லை மூட்டிப் பொங்கிக்கொள்கிறோம். மழை பெய்தால் மணல் இளகிக் கொடுக்கிறது, அதுவும் சௌகரியம்தான். நான் இவரிடம் சொல்லிவிட்டேன். அன்றைக்கு இவர் அழுதார். முதல் தடவையாக அழுதார். அப்புறம் எங்கள் இருவருக்கும் ஒரு மனஸ்தாபமும் இல்லை. இவ்வளவு ஒற்றுமையாக நாங்கள் கல்யாணமான புதிதில்கூட இருந்ததில்லை.

அடுப்பு மேடைக்குக் கீழேதான் வருகிறது. இருவரும் ஒரே இடத்தைத்தான் சொல்கிறோம். எங்களால் நுழைய முடியவில்லை. மேடையை இடித்தால் உள்ளே இருப்பதன் மேல் விழுந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. கனகத்துக்குச் சின்ன உடம்பு. அவள் அன்றைக்கே சரியான இடத்துக்குத்தான் போனாள், நான்தான் தெரியாமல் இழுத்துவிட்டேன்.

அவளை வெள்ளிக்கிழமை வண்டியில் அத்திம்பேரோடு அனுப்பி வை. முன்னே நான் ஏதேதோ எழுதினேன். அப்போது எனக்குப் புரியவில்லை.

உனக்குக் குழந்தை இல்லாததால் இவளைப் பிடித்து வைத்துக்கொள்கிறாய் என்று இவர் சொல்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. நினைக்கும்படி செய்துவிடாதே.

மரகதம்


திருவள்ளூர்
4-12-55

மரகதத்துக்கு அக்கா ஆசீர்வாதம்.

நீ எழுதின வெள்ளிக்கிழமை வண்டியில் உன் அத்திம்பேர் தனியாக வந்தார். அவர் வந்தது உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, அதனால் எழுதுகிறேன்.

நல்ல மழையாம். பின்பக்கத்துச் சுவர் கொல்லைப் பக்கம் சாய்ந்து விழுந்து கிடந்ததாம். நீங்கள் இருவரும் பள்ளத்துக்குள் நின்றீர்களாம். மாப்பிள்ளை தோண்ட, அம்மா உனக்குக் கொடுத்த வெண்கலப் பானையில் நீ மணலை வாரி வெளியே கொட்டிக்கொண்டிருந்தாயாம். அவர் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். நீ நிமிர்ந்து அவருக்குப் பின்னால் வாசல் பக்கம் பார்த்தாயாம். "கனகம் எங்கே?" என்று கேட்டாயாம். வரவில்லை என்றதும் பானையை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாயாம். இவர் மழையில் நின்றுவிட்டு, ஹெட்மாஸ்டரிடமும் டாக்டரிடமும் சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் புதன்கிழமை அங்கே வருவார்கள். உன் அத்திம்பேரும் வருவார். தயவு செய்து அவர்களோடு கிளம்பு. மேடையும் மீதிச் சுவரும் விழுவதற்குள் கிளம்பு. ஊருக்கு வந்து இவர் இரண்டு வேளை சாப்பிடவில்லை. உனக்குத் தெரியும், நைவேத்தியம் ஆகி வந்த பிரசாதத்தை அவர் ஒரு நாளும் ஒதுக்கியவர் இல்லை.

குழந்தையை அனுப்ப மாட்டேன்.

நீ எழுதிக் கேட்டாலும் அனுப்பக் கூடாது என்று ஐப்பசியில் ஒருத்தி எனக்கு எழுதினாள். அவளுக்குத்தான் நான் கட்டுப்பட்டவள். இப்போது எழுதியிருப்பவள் யாரென்று எனக்குத் தெரியவில்லை. வேறு யாரோ எழுதியதாக இருக்குமோ என்று இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கையெழுத்து உன்னுடையதுதான். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

எனக்குக் குழந்தை இல்லை என்று எழுதியிருந்தாய். கல்யாணமான நாளிலிருந்து ஊரார் எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நீ சொன்னதில்லை. போகட்டும். அப்படியே வைத்துக்கொள். குழந்தை இல்லாதவள் பிடித்து வைத்துக்கொண்டாள் என்றே இருக்கட்டும்.

கனகத்தை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டோம். கார்டியன் என்று உன் அத்திம்பேர் கையெழுத்துப் போட்டார். இரண்டு நாளாக அவள் உங்களைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு நான் ஒன்றும் யோசித்து வைக்கவில்லை.

நீ எப்போது வந்தாலும் வா. தனியாக வந்தாலும், மாப்பிள்ளையோடு வந்தாலும், சேறும் மணலுமாக வந்தாலும் வா. வெந்நீர் போட்டுத் தருகிறேன். ஆனால் இவளை அழைத்துப்போக வந்தால் நான் கதவைத் திறக்க மாட்டேன், மரகதம். நீ வாசலில் நின்று அழுதாலும் திறக்க மாட்டேன்.

அரவிந்தவல்லி